புயலுக்கு விசில் ஊதிய அத்தான்

எங்களை அடித்தவர்களுக்கு எங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நன்றி கெட்டவன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் எங்களைக் காப்பாற்றத்தான் அடித்தார்கள். படித்தவர்கள், பண்பானவர்கள். அடிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்டார்கள். அடித்த பிறகு எப்படி இருந்தது என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் தெரு வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மேட்டுத் தெரு. பெயரில்தான் மேடு. மழை கொட்டினால் அவர்களுக்கு முழங்கால் வரை தண்ணீர், எங்களுக்கு இடுப்பு வரை. நான் தையல்காரன். அடுத்த வீட்டில் என் அக்கா. அவளுக்கு மூச்சு நோய். வெயிலில் தகரக் கூரை கொதித்தால் இழுக்கும், மழையில் சுவர் பூத்துப்போனால் இன்னும் இழுக்கும். மருந்தைப் புகையாக்கி மூக்குக்குக் கொடுக்கிற மெஷின் ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குக் கரண்ட் வேண்டும். மழை வந்தால் எங்கள் தெருவை விட்டு முதலில் ஓடுவது கரண்ட்தான்.

போன மழையில் வீட்டுக் கதவைக் கழற்றி, அக்காவை அதன் மேல் படுக்க வைத்து, நானும் அத்தானும் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனோம். கிளினிக் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. "இன்னொரு தடவ இப்படிக் கொண்டு வந்தீங்கன்னா, கொண்டு வந்த சிரமம்தான் மிச்சம்" என்று நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தெருமுனையில் உயரமாக ஓர் அறை, அதில் ஒரு பேட்டரி. தண்ணீர் ஏறும்போது அக்காவும், அவளைப் போல மூச்சு முட்டுகிறவர்களும், கைக்குழந்தைக்காரிகளும் ஏறி உட்கார்ந்துகொள்ள. அடுத்த மழைக்குள் அது வேண்டும். இல்லாவிட்டால் அக்கா இல்லை.

காலநிலையும் ஆரோக்கியமும் கெட்ட இடங்களில் சமூகமே முன்னின்று செய்கிற வேலைகளுக்குப் பணம் தருகிற நிதியம் ஒன்று இருக்கிறது என்று அதே நர்ஸ்தான் சொன்னார். அந்தப் புண்ணியவதியை நான் குறை சொல்ல மாட்டேன். நல்லது நினைத்துத்தான் சொன்னார். அத்தான் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அத்தானுக்குப் பஞ்சர் கடை. யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சைக்கிள் டியூபைக்கூட ஏதோ பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். அவரைத்தான் நிதியம் தேடி வந்தது.

குளிரூட்டிய வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து நிதியத்தின் இயக்குநர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மதிப்பீட்டாளர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு. இயக்குநர் தெரு நடுவில் நின்று பேசினார்.

"நாங்க எதுவும் செய்ய மாட்டோம்" என்று ஆரம்பித்தார். "மத்தவங்க மேல இருந்து கொண்டாந்து உங்க தலையில கட்டுவாங்க. நாங்க அப்படி இல்ல. யோசனை உங்களுது, தலைமை உங்களுது, கஷ்டமும் உங்களுது. அதுல ஒண்ணையும் நாங்க எடுத்துக்க மாட்டோம். உங்களுக்குப் பின்னாடி நிப்போம்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அறை கட்டப்போகும் இடத்தைக் காட்ட அத்தான் நடந்தார், நிதியம் பின்னால் நடந்தது. அத்தான் நின்றார், நிதியமும் நின்றது. ஏதோ சொல்லலாம் என்று அவர் திரும்பினால், அத்தனை பேரும் அவசரமாகச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். கடைசியில் அத்தான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அடுத்தது தலைவர் தேர்வு. தலைமை என்பது இயல்பாக முளைக்க வேண்டுமாம், கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால் அது செயற்கையாம். எங்களை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அடைத்து, ஃபேனை நிறுத்தி, கதவை வெளியே பூட்டினார்கள். "முளைச்சதும் கதவத் தட்டுங்க" என்றார் மதிப்பீட்டாளர். கத்திரி வெயில். வியர்வை நாற்றத்தில் பேச்சு முற்றி, ஜன்னலோரம் யாருக்கு என்று கசாப்புக்காரருக்கும் டைல்ஸ் பதிப்பவருக்கும் தள்ளுமுள்ளு ஆகி, சட்டையைப் பிடித்துவிட்டார்கள். விலக்கப் போன அத்தானின் தாடையில் கசாப்புக்காரரின் குத்து விழுந்தது. எலும்பு வெட்டுகிற கை அது. அத்தான் ஆடினார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல, பரவால்ல, உக்காருங்க" என்றார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். "அடி விழுந்துச்சு, ஆள் விழல. சார், தலைமை முளைச்சிடுச்சு" என்று இயக்குநரைக் கூப்பிட்டார். இப்படித்தான் அத்தான் எங்கள் தலைவர் ஆனார்.

வீங்கின தாடைக்கு அன்றைக்கு அக்கா ஒத்தடம் கொடுத்தாள். நாலு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்க வேண்டும் அவளுக்கு. வாய் மட்டும் குறையவில்லை. "அடி வாங்கினா... தலைவர் ஆகலாம்னு... முன்னாடியே தெரிஞ்சிருந்தா... நானே போட்டிருப்பேன்" என்றாள். அத்தான் சிரிக்கப் போய், தாடை வலித்து, நிறுத்திக்கொண்டார்.

பணம் எப்போது வரும் என்று கேட்டோம். மதிப்பீட்டாளர் பொறுமையாக விளக்கினார். விழுந்தால் எழவே முடியாத தெருவுக்குப் பணம் கொடுத்தால் அது தண்டம். விழவே விழாத தெருவுக்குப் பணம் தேவையில்லை. விழுந்து எழுகிற தெருவுக்குத்தான் கொடுப்பார்கள். அதற்குப் பேர் தாங்குதிறன். அதை அளக்க ஒரு புயல் வேண்டும். "ஆனா மழை வர்றதுக்குள்ள எங்க நிதியாண்டு முடிஞ்சிடும். அதனால புயல நாங்களே கொண்டாந்துடறோம். செலவு எங்களுது" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆட்டை நனைப்பதற்கு லாரி வைத்துத் தண்ணீர் கொண்டு வந்த ஓநாயை அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டு தண்ணீர் லாரிகள் வந்தன. காவல் கம்பெனி ஒன்றிலிருந்து வாட்டசாட்டமான ஆட்கள் வந்தார்கள். சாம்பல் சட்டைக்காரர்கள் முதுகில் 'காற்று' என்று எழுதியிருந்தது, நீலச் சட்டைக்காரர்கள் முதுகில் 'வெள்ளம்'. காற்று இடுப்புக்கு மேலே அடிக்கும், வெள்ளம் இடுப்புக்குக் கீழே அடிக்கும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வகை ஆட்கள் கையிலும் தடி.

மதிப்பீட்டாளர் ஒரு விசிலை அத்தான் கையில் கொடுத்தார். "தலைவர் ஊதினாத்தான் புயல். சமூகம் சொல்லாம எங்க ஆளு ஒரு அடி அடிக்க மாட்டான்."

"ஊதலன்னா?" என்றார் அத்தான்.

"ஊதலன்னா தலைமை இல்லன்னு எழுதிடுவேன். தலைமை இல்லாத தெருவுக்கு ரூம் எதுக்கு?"

அத்தான் எங்களைப் பார்த்தார். அக்கா வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? ஊதினார்.

புயல் தெருமுனையிலிருந்து வந்தது. முதலில் கசாப்புக் கடையின் பந்தல் போனது. டைல்ஸ் பதிப்பவரின் முன்பற்கள் இரண்டு போயின. காற்று ஒன்று என் கடைக்குள் புகுந்து, என் தையல் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு நிமிடம் யோசித்து, ஒழுங்காக இலக்குப் பார்த்து, படிக்கட்டில் போட்டது. தடுக்கப் போன என் தோளில் இன்னொரு காற்று இறங்கியது. லாரிக் குழாய்த் தண்ணீர் மார்பில் அடித்து என்னைச் சுவரோடு சுவராக ஒட்ட வைத்தது. அத்தானுக்கு முழங்காலில் வெள்ளம், முதுகில் காற்று, முகத்தில் குழாய்த் தண்ணீர். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

புயல் ஓய்ந்ததும் நாங்கள் உடனே எழுந்துவிட்டோம். மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா? மதிப்பீட்டாளர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சா பாதிப்பே இல்லன்னு ஆகுது. உங்களுக்கு எதுக்குங்க உதவி?"

மறுவாரம் மறுபடியும் புயல். இந்தத் தடவை புத்தியாக விழுந்த இடத்திலேயே கிடந்தோம். அவர் ஒவ்வொருவராகக் காலால் தட்டிப் பார்த்தார். "இப்படிக் கெடந்தா தாங்குதிறன் பூஜ்யம். செத்த தெருவுக்கு எங்க சட்டத்துல இடமில்ல" என்றார். எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்று கேட்டோம். அதைச் சொல்லிக் கொடுத்தால் அது திணிப்பாகிவிடுமாம்.

மூன்றாவது புயலில் கசாப்புக்காரர் பொறுக்க முடியாமல் காற்று ஒன்றின் மூக்கில் குத்திவிட்டார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். புயல் நின்றது. மதிப்பீட்டாளர் ஓடி வந்தார். "காத்த யாராவது குத்த முடியுமா? உங்க வாழ்க்கையில எப்பவாவது காத்துக்கு மூக்கு உடைஞ்சு பாத்திருக்கீங்களா? இது அறிவியலுக்கே விரோதம்." எங்கள் மதிப்பெண் குறைந்தது. கசாப்புக்காரர் வருத்தம் தெரிவித்துக் காற்றிடம் மன்னிப்புக் கேட்டார்.

இதோடு போயிருந்தால்கூடத் தழும்போடு முடிந்திருக்கும். மேட்டுத் தெருக்காரர்களும் இதே நிதியத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அங்கே எங்கள் பால்காரர்தான் தலைவர். தலைமை முளைத்த அன்று அவருக்கு விலா எலும்பு ஒன்று போனதாம். இரண்டு தெருவில் ஒன்றுக்குத்தான் பணம் என்று இயக்குநர் இரண்டு தெருக்காரர்களையும் கூட்டி வைத்துச் சொன்னார். அதோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னார்.

"வெளியாள வச்சு உங்கள அடிக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல. ராத்திரி தூக்கமே வரல. அது அந்நியத் தலையீடு. உங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டாத்தான் அதுக்குப் பேரு சமூகப் பங்கேற்பு. அதனால இனிமே மேட்டுத் தெருவுக்கு நீங்க புயல், உங்களுக்கு அவங்க புயல். ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்கலாம். காவல் கம்பெனிக்குக் குடுக்கிற காசும் மிச்சம்."

கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

காவல் கம்பெனி ஆட்கள் அடித்தது வலித்தது, அவ்வளவுதான். தெரிந்தவன் அடிப்பது வேறு. முதல் நாள் பால்காரர் சாம்பல் சட்டையில் வந்து என் முன்னால் நின்று தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. வீட்ல பேரப்பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது, எங்களுக்கும் ரூம் வேணும்" என்று சொல்லிவிட்டு என் காதோடு ஒன்று வைத்தார். இன்றைக்கும் அந்தக் காதில் ஒரு ரீங்காரம் உண்டு. மறுவாரம் நாங்கள் மேட்டுத் தெருவுக்குப் புயலாகப் போனோம். நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சாம்பல் சட்டையைப் போட்டதும் கை தானாக ஓங்கியது. கசாப்புக்காரர் ஒரு வீட்டுக் கூரையைத் தனி ஆளாகப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவ மாட்டான் என்று கத்திக்கொண்டே அடித்தார். எங்களோடு வந்தவர்களில் அத்தான் ஒருவர்தான் தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார். அதற்கு எங்களுக்கு மதிப்பெண் வெட்டினார்கள்.

எங்களுக்குப் பால் வருவது நின்றது. பிறகு இரண்டு தெருவும் புயல் இல்லாத நாட்களிலும் அடித்துக்கொண்டன. குழாயடியில், பஸ் நிறுத்தத்தில், கிளினிக் வராந்தாவில் கட்டுப் போட வரிசையில் நின்ற இடத்தில். "பங்கேற்பு பெருகிட்டே போகுது" என்று மதிப்பீட்டாளர் பூரித்துப்போனார்.

அத்தான் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். "போதும், மாப்ள. ஊரை அடிச்சு என் பொண்டாட்டிக்கு மூச்சு வாங்கித் தரணுமா?" என்று என்னிடம் கேட்டார். அக்காதான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மேகம் கட்டுது... பாத்தீங்களா?" என்றாள். "எனக்கு மட்டுமா... ரூமு? வாங்கின அடி... ஆறிடும். விட்டுட்டு வந்தா... வாங்கினதும் வீண். எனக்குச் சாகப் பயமா... இருக்குங்க." அத்தான் விசிலை மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பயம் என்று அக்கா வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இறுதி மதிப்பீட்டுக்கு ஒரு புது விதி வந்தது. யாருக்காக அறையோ அவர்களும் புயலில் இருக்க வேண்டும். அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அது ஒதுக்கி வைப்பதாம். அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்து தெரு நடுவில் வைத்தோம். பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் மெஷின், வீட்டிலிருந்து ஒரு நீள வயர். "அம்மா மேல சாரல் மட்டும்தான்" என்று மதிப்பீட்டாளர் வாக்குக் கொடுத்தார். இயக்குநர் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் ஊதினார்.

மேட்டுத் தெரு இறங்கி வந்தது. முன்னால் பால்காரர், கையில் தண்ணீர்க் குழாய். அக்காவைப் பார்த்ததும் குழாயை வேறு பக்கம் திருப்பினார், பாவம். அதே நேரம் எங்கள் கசாப்புக்காரர் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தார். குழாய் கை நழுவித் தெருவெல்லாம் துள்ளியது. மெஷின் மேல் பட்டது. ஒரு பொறி, ஒரு புகை, சத்தம் நின்றது. அடுத்த துள்ளலில் நாற்காலி கவிழ்ந்தது.

அத்தான் விசில் ஊதினார். மறுபடி ஊதினார். கன்னம் கிழிகிற மாதிரி ஊதினார். யாரும் நிறுத்தவில்லை. அடுத்தவன் பல்லில் எல்லோருக்கும் வேலை இருந்தது. "விசில் ஆரம்பிக்கிறதுக்கு மட்டும்தான்" என்றார் மதிப்பீட்டாளர். "நிறுத்துறதுக்கு இல்ல. இயற்கை விசிலுக்கு நிக்குமா?"

அக்காவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, உள்ளே எதுவும் போகவில்லை. அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வேனிடம் ஓடினார், நான் பின்னால் ஓடினேன். கண்ணாடியைத் தட்டினார். அது இரண்டு விரல் அளவு இறங்கியது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

"ஐயா, கிளினிக் வரைக்கும்" என்றார் அத்தான்.

இயக்குநர் முகத்தில் உண்மையாகவே வேதனை இருந்தது. "நான் மனுஷன் இல்லையா? எனக்கும் பதறுது. ஆனா இப்ப வேன் குடுத்தா நாங்க முன்னாடி வந்துட்ட மாதிரி ஆயிடும். இத்தனை நாள் நீங்க வாங்கின அடியெல்லாம் செல்லாமப் போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், தெருவா எந்திரிங்க. இன்னும் கொஞ்ச நேரம்." கண்ணாடி ஏறியது.

அத்தான் அக்காவை என் கையில் கொடுத்தார். எதிரேதான் அவர் கடை. டயர் நெம்புகிற இரும்பை எடுத்து வந்தார். முதல் அடியில் கண்ணாடி பூப்பூவாக விரிந்தது, இரண்டாவதில் உள்ளே விழுந்தது. இயக்குநரைச் சட்டைக் காலரில் பிடித்து அந்த ஓட்டை வழியாகவே இழுத்தார். பாதியில் தோள் சிக்கிக்கொண்டது. அத்தான் நிறுத்தவில்லை, இழுத்தார். தோள்மூட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே விழுந்தவரை முகத்தில் மிதித்தார், விலாவில் மிதித்தார். அத்தானுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது பிடித்திருந்தது, கேட்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடி உடைந்த சத்தத்தில் இரண்டு தெருவும் திரும்பிப் பார்த்தன. பால்காரர்தான் முதலில் ஓடி வந்தார். தன் கழுத்தைப் பிடித்திருந்த கசாப்புக்காரரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு எல்லோரும் வந்தார்கள். லாரிக் கண்ணாடிகள் போயின. டிரைவர் வாய்க்காலுக்குள் போனார். மதிப்பீட்டாளரைக் கீழே தள்ளி ஒரே கூட்டமாக மிதித்தார்கள், சாம்பல் சட்டை, நீலச் சட்டை, சட்டை இல்லாதவன் என்ற பேதமே இல்லை. அந்த மனுஷன் அடி விழுந்துகொண்டிருக்கும்போதும் பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார்.

பால்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியும். அவர் வேனை எடுத்தார். பின் சீட்டில் அக்கா தலை என் மடியில், கால் அத்தான் மடியில். உடைந்த கண்ணாடியையும் மீறி உள்ளே நல்ல குளிர். வாழ்நாளெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே வெந்தவள் அவள்.

"ஜில்லுனு... இருக்குடா" என்றாள்.

வேன் கிளினிக் திருப்பத்துக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அத்தான் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. நர்ஸ்தான் சொன்னார்.

போலீஸ் வரும் என்று நாங்கள் வீட்டிலேயே காத்திருந்தோம். வந்தது நிதியம். காரியமெல்லாம் முடிந்து, அத்தான் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரம். இயக்குநர் ஒரு கையைக் கழுத்திலிருந்து துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார், முன்பற்கள் இல்லாததால் பேச்சில் காற்றுப் போனது. மதிப்பீட்டாளர் ஊன்றுகோலோடு வந்தார். இரண்டு தெருக்காரர்களும் மெல்ல மெல்ல வந்து சுற்றி நின்றார்கள்.

"அன்னிக்கு நடந்தத வன்முறைன்னு எங்க அலுவலகத்துல சில பேர் சொன்னாங்க" என்றார் இயக்குநர். "நான் ஒத்துக்கல. சண்டை போட்டேன். நாங்க சொல்லாம, யாரும் கத்துக் குடுக்காம, ரெண்டு தெருவும் ஒண்ணா சேர்ந்து தானா முன்னாடி வந்துச்சே. இத்தனை வருஷமா நாங்க தேடினது அதத்தான். அந்தம்மா போனதால பாதிப்பும் நிரூபணம் ஆயிடுச்சு, அதுக்கப்புறமும் நீங்க எந்திரிச்சு நிக்கிறதால தாங்குதிறனும் நிரூபணம் ஆயிடுச்சு. முழு மதிப்பெண். ரெண்டு தெருவுக்கும் சேர்த்து ரூம். இங்க ஒரு கையெழுத்து மட்டும்."

கசாப்புக்காரர் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கத்தி கையில் இருந்தது. பால்காரர் தோளில் பேரப்பிள்ளை, அதன் நெஞ்சு விசிலடிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. வானம் வாய்க்காலுக்கு மேலே கறுத்துக் கிடந்தது.

அத்தான் ஒட்டுப் பசையைக் கையிலிருந்து துடைத்தார். கையெழுத்துப் போட்டார்.

மதிப்பீட்டாளர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு கேள்வி தலைவரே. வீட்டம்மா போனதுக்கப்புறம் எத்தனாவது நாள் கடையத் திறந்தீங்க? எந்திரிச்ச நேரம் போடணும்."

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது. கசாப்புக்காரரின் கை உயர்ந்தது. நான் நெம்புகிற இரும்பை எடுத்துவிட்டேன்.

அத்தான் எழுந்து எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

"யாரும் கை வைக்காதீங்க" என்றார். "முதல்ல சிமெண்ட் இறங்கட்டும்."